சவாரி எண்டொரு சொல்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "பின்னேரம் சவாரி பாக்கப் போறம்" எண்டு சொன்னால், கேட்கிற ஆள் குதிரையைத் தேடமாட்டார். எந்தத் திடலில, ஆற்ற சோடி ஓடுது, வெயில் தாழத்தானே தொடங்குவாங்கள் என்றுதான் அடுத்த கேள்வி வரும். எங்களுக்குச் சவாரி என்றால் மாட்டு வண்டில் ஓட்டப் போட்டி. சவாரி மாடு, சவாரி வண்டில், சவாரித் திடல், சவாரிக்காரர் என்று அந்தச் சொல்லுக்குப் பெரிய குடும்பமே இருக்கிறது. பிறகு ‘சிரித்திரன்’ ஆசிரியராக எல்லாரும் அறிந்த சிவஞானசுந்தரம், ‘சுந்தர்’ என்ற பெயரில் தினகரனில் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரத்துக்குச் ‘சவாரித்தம்பர்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயருக்கு விளக்கம் எழுதவேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்காது. தம்பர் எப்பிடிப்பட்ட ஆள் என்று பெயரே சொல்லிவிடும்.

அதே சொல்லோடு சென்னையில் போய் இறங்கினால் கதை வேறு. "காலையிலேர்ந்து ஒரு சவாரி கூட இல்ல சார்" என்று அங்கே ஆட்டோக்காரர் சொல்வார். காசு கொடுத்து ஏறுகிற ஆள்தான் அங்கே சவாரி. எங்கட ஓட்டோக்கார அண்ணைமார் அதை ‘ஹயர்’ என்பார்கள். எங்கட சவாரிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ரேக்ளா, மாட்டு வண்டிப் பந்தயம். எங்களில் ஒராள் அங்கே படிக்கப் போன காலத்தில், "எங்கட அப்பப்பா சவாரி மாடு வைச்சிருந்தவர்" என்று சொல்ல, அறையில் கூட இருந்த பொடியன் கண்ணை விரித்து, "மாட்டு மேல ஏறிப் போவாரா?" என்று கேட்டானாம்.

இங்கே ‘நாங்கள்’ என்பது மூன்று பேர். காரைநகரில் ஒரே வளவில் வளர்ந்த அண்ணன் தம்பி பிள்ளைகள், ஒரே அப்பாச்சியின் பேரப்பிள்ளைகள். அந்தப் பொடியனுடைய கேள்வியை வீட்டில் சொல்லிச் சிரித்த பிறகும் அது எங்களை விடவில்லை. ஏறிப் போறதுக்கு உரிய சொல் எப்படி ஓட்டப் போட்டிக்கு வந்தது? சொல்லைத் துரத்திக்கொண்டு போனோம். அது எங்களை ஈரானுக்கும் நெடுந்தீவுக்கும் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் எங்கட வீட்டு மாட்டுக் கொட்டிலிலேயே கொண்டுவந்து விட்டது.

சவாரி தமிழுக்கு உருது வழியாக வந்தது. உருதுவுக்குப் பாரசீகம் கொடுத்தது. பாரசீகத்தில் ‘சவார்’ என்றால் குதிரையில் ஏறியவர். இதற்கு முந்தின வடிவம் ‘அசபார’. ஈரானில் நக்ஷ்-இ ருஸ்தம் என்ற இடத்தில் மலையைக் குடைந்து செய்த கல்லறையில், சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட தாரியஸ் மன்னனின் கல்வெட்டு இருக்கிறது. தான் நல்ல குதிரைவீரன் என்று அவர் தன்னையே புகழ்கிற இடத்தில் இந்தச் சொல் வருகிறது. (தேர்தல் நோட்டீஸ் அடிக்கிற பழக்கம் அப்பவே இருந்திருக்கு.) ‘அச’ என்றால் குதிரை. ‘பார’ என்பது சுமத்தல். பழம் பாரசீகமும் வடமொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதால், வடமொழி வழியாக எங்களிடம் வந்த அசுவம், பாரம் என்ற இரண்டு சொல்லும் இந்த இரண்டுக்கும் உறவு. அசுவம், பாரம் இரண்டையும் ஒட்டி, முன்னால் நிற்கிற ‘அ’வைத் தேய விட்டால் கிட்டத்தட்டச் சவாரி வந்துவிடும்.

இது தெரியவந்த அன்று இரவு நாங்கள் கனநேரம் கதைத்துக்கொண்டிருந்தோம். ஏறி இருக்கிறவரின் வீரத்தைச் சொல்லுகிற சொல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் இருப்பது சுமக்கிற பிராணியும் அதன் முதுகில் இருக்கிற பாரமும்தான்.

பழந்தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. குதிரையும் யானையும் ‘ஊர்ந்தார்கள்’. ஊர்தி அதிலிருந்துதான் வந்தது. இப்போது ஊர்ந்து போறது என்றால் எறும்பும் நத்தையும் போறதுதான். சபாரி என்று காட்டுக்குள் மிருகம் பார்க்கப் போகிறோமே, அது இதற்குச் சொந்தமில்லை. அது அரபு மொழியில் பயணத்தைக் குறிக்கிற ‘சபர்’ என்ற சொல், சுவாஹிலி போய் வந்தது. ஒலி ஒற்றுமை மட்டும்தான்.

போன இடமெல்லாம் சவாரி வாகனத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் குதிரைப்படைச் சிப்பாய்க்குச் ‘சவார்’ என்று பெயர். இந்தியில் இன்றைக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற பயணியும் ‘சவாரி’தான். மைசூரில் விசயதசமியன்று நடக்கிற ‘ஜம்பு சவாரி’யில் குதிரைக்குப் பதில் யானை. சாமுண்டேசுவரி அம்மனை வைத்த தங்க அம்பாரியை அது சுமந்துகொண்டு போகிறது. அம்பாரியின் நிறை 750 கிலோ. படங்களில் தங்கம்தான் பளபளக்கும். யானையின் காலைப் பார்க்கிற ஆட்கள் குறைவு. சிங்களத்தில் உல்லாசமாய் ஒரு சுற்றுப் போய் வருவதும் ‘சவாரிய’. அவர்களும் மாட்டு வண்டில் ஓட்டத்தைத் ‘திரிக்கல் சவாரிய’ என்பார்கள். எங்கட திருக்கல் வண்டிலும் அவர்களுடைய திரிக்கலும் ஒன்றுதான். இந்தத் தீவில் இரண்டு பக்கமும் சண்டையில்லாமல் வைத்திருக்கிற சொற்களில் இதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, சொல் வந்த குதிரை எங்கே?

காரைநகர்த் துறைமுகத்தில் ‘பாதை’யில் ஏறினால் எதிர்க்கரை ஊர்காவற்றுறை. (வெளியூர் ஆட்களுக்கு: பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக் கடல் கடக்கிற மிதவை.) இடையில் கடற்கோட்டை நிற்கும். அந்தத் துறையின் பழைய பெயர் ஊராத்துறை. நயினாதீவில் உள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலநறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை வாசித்து வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்பதோடு, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்றும் அது சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டு வருகிற கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. குதிரைக் கப்பலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? அரசனுக்குக் குதிரை வேணும். கடலில் முறிந்து நட்டப்பட்டவன் அடுத்த முறையும் குதிரை ஏற்றிக்கொண்டு வரவேணும். எங்கட வீட்டில் இருந்து ஒரு பாதைத் தூரத்தில் இருக்கிற துறையில் 800 வருசத்துக்கு முதல் குதிரை இறங்கியிருக்கிறது.

இறங்கியது என்பதுதான் இதில் முக்கியம். குதிரை எங்கட மண்ணில் தானாகப் பெருகிய உயிர் இல்லை. எப்பவும் கடலால் வந்தது, காசுக்கு வந்தது, அரசனுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிநாட்டுக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அங்கத்தைய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், வளர்க்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை வருசம் முடிய முதல் செத்துப்போவதையும் சொல்கிறார். மார்கழியில் ஈழத்துச் சிதம்பரத்தில் திருவெம்பாவை ஓதும்போது நாங்கள் நினைக்கிற மாணிக்கவாசகரும் இந்த வியாபாரத்தில் மாட்டிக்கொண்டவர்தானே. குதிரை வாங்க அரசன் கொடுத்த காசைக் கோயிலுக்குச் செலவழித்த மந்திரி அவர். சிவன் நரியைப் பரியாக்கி, தானே குதிரைச் சேவகனாக வந்து இறங்கினார் என்பது புராணம். குதிரை இறக்குமதிக் கணக்கில் துண்டு விழுந்த கதையை இவ்வளவு அழகாகச் சொன்ன ஊர் உலகத்தில் வேறு இருக்குமோ தெரியாது.

பிறகு போர்த்துக்கேயர் வந்தார்கள், குதிரையும் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய ‘கதெய்ரா’தான் எங்கட கதிரை. ஒரு எழுத்து மாறினால் குதிரை. ஒன்றில் ஏறினவர் மற்றதிலும் ஏறினார் என்பது தற்செயல் இல்லை. ஒல்லாந்தர் எங்கட தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. காரைநகரை இன்றைக்கு ஆம்ஸ்டர்டாம் என்று ஒருவரும் சொல்வதில்லை, நல்லவேளை. டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது, அதோடு குதிரைகளும்.

அந்தக் குதிரைகளைப் பார்க்கவென்றே போன வருசம் போனோம். பாதையில் ஊர்காவற்றுறைக்கு, அங்கிருந்து பஸ்ஸில் குறிகட்டுவானுக்கு, பிறகு ஒரு மணித்தியாலம் போல படகில். ஒல்லாந்தர் கட்டிய குதிரை லாயத்தில் தூண்கள்தான் மிச்சம். ஐரோப்பியர் அங்கே படைக்கும் சவாரிக்கும் என்று குதிரை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அந்தப் பண்ணை கைவிடப்பட, குதிரைகள் தீவில் நின்றுவிட்டன. ஏறினவர்கள் போய்விட்டார்கள். கிட்டத்தட்ட 200 வருசமாக அவை ஆரையும் சுமக்காமல் புல்வெளியில் திரிகின்றன. நாங்கள் பார்த்தவை உயரம் குறைந்தவை, வயிறு உப்பினவை. ஒன்று எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. படம் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். பிடரி பறக்க ஓடவில்லை, கனைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. கோடையில் தண்ணி இல்லாமல் அவை செத்து விழுகிற செய்தி வருகிறபோதுதான் நாடு அவற்றை நினைக்கும். ஏறுவதற்கு ஆள் இல்லாத குதிரைக்கு மொழியில் சொல்லும் குறைவு, தொட்டியில் தண்ணியும் குறைவு.

திரும்பி வந்து கசூரினா கடற்கரையில் இருந்து இதைக் கதைத்தபோது இன்னொன்று தலையில் விழுந்தது. கடற்கரைக்குப் பெயர் கொடுத்த மரம் தமிழில் சவுக்கு. எங்கட பக்கத்தில் சவுக்கம் என்போம். குதிரையை அடிக்கிற சவுக்கும் அதே எழுத்துத்தான், அது பாரசீகத்துச் ‘சாபுக்’. மரத்தின் அறிவியல் பெயர் கசுவரினா ஈக்விசெட்டிஃபோலியா. முதற்பாதி, மலாய் மொழியில் கசுவாரி என்கிற பெரிய பறவையின் இறகைப் போலக் கிளை தொங்குவதால் வந்தது. இரண்டாம் பாதியைப் பிரித்தால் இலத்தீனில் ‘ஈக்வஸ்’, குதிரை, ‘சேட்டா’, மயிர். குதிரை மயிரின் பெயரைக் கொண்ட ஒரு செடி இருக்கிறது, அதைப் போன்ற இலை உள்ள மரம் என்று பொருள். குதிரையே இல்லாத எங்கட கடற்கரையில், குதிரை மயிரின் பெயரோடும் சவுக்கின் பெயரோடும் வரிசையாக மரம் நிற்கிறது. காற்றுக்கு அது இரைகிற சத்தத்தை ஒருதரம் கேட்டவர்களுக்குச் சவுக்கு என்ற பெயர் பொருத்தமில்லை என்று தோன்றாது.

ஆனால் எங்கட சவாரியில் சவுக்கு இல்லை. அங்கே துவரங்கேட்டிதான். இனி வீட்டுக் கதைக்கு வருவோம்.

அப்பப்பா ஒரு சோடி சவாரி மாடு வைத்திருந்தார். நாங்கள் பிறக்க முதல். அந்த மாடுகள் உழவுக்குப் போகாது, எரு ஏற்றாது, விறகு ஏற்றாது. "சவாரி மாட்டில பாரம் ஏத்தினா நடை கெட்டுப்போம்" என்பது அவருடைய சட்டம். பருத்திக்கொட்டை, உழுந்து, புண்ணாக்கு, போட்டி கிட்ட வந்தால் பச்சை முட்டை. அப்பாச்சி இதை இன்றைக்கும் மறக்கவில்லை. "மாட்டுக்கு முட்டை. என்ர பிள்ளையளுக்கு முட்டைக்கோதுதான்." போட்டி முடிந்து சோடி வீட்டுக்கு வந்தால் பின்தொடையில் இருக்கிற காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுவதும் அவதான். கேட்டியின் நுனியில் ஆணி இருக்கும். அதை வீட்டில் ஒருவரும் ஆணி என்று சொல்வதில்லையாம், ‘முள்ளு’ என்றுதான் சொல்வார்களாம். காயம் பட்டது எண்டு சொல்லக்கூடாது, "முள்ளுப் பட்டது" எண்டுதான் சொல்லோணும்.

1991இல் ஊர் இடம்பெயர்ந்தது. பாரவண்டில் வைத்திருந்த ஆட்கள் அதில் சாமான் ஏற்றினார்கள். எங்கட வீட்டில் இருந்தது சவாரி வண்டில். ஒராள் குந்தி இருந்து ஓட்டுவதற்காகச் செய்த, எவ்வளவு பாரம் குறையுமோ அவ்வளவு குறைத்துச் செய்த சின்ன வண்டில். அதில் அரை மூட்டை அரிசி, பாய், சட்டி பானை, காய்ச்சலோடு கிடந்த கடைசிச் சித்தப்பா, அவரை மடியில் வைத்துக்கொண்டு அப்பாச்சி. பாரமே இழுத்துப் பழகாத மாடுகள். அப்பப்பா வண்டிலில் ஏறவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பொன்னாலைப் பாலம் முழுக்க நடந்தாராம். கையில் கேட்டி இல்லை.

"அண்டைக்குத்தான் நான் முதல் முதலா சவாரி வண்டிலில ஏறினனான்" என்று அப்பாச்சி சொல்லுவா. கலியாணம் முடித்து 20 வருசத்துக்குப் பிறகு. பொம்பிளையள் அதில் ஏறுவதில்லை. துடைப்பா, எண்ணெய் விடுவா, பூசைக்குச் சந்தனம் வைப்பா, ஏறமாட்டா. ஏறிய நாளில் ஊரே இல்லை. இதைச் சொல்லும்போது அவ அழுவதில்லை. முட்டைக் கதை சொல்லும்போதுதான் குரல் உயரும்.

அந்த மாடுகளுக்கு என்ன நடந்தது என்பதில் வீட்டில் ஒத்த கதை இல்லை. சங்கானைப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரருக்கு வித்தது, நல்லாப் பார்த்தவர் என்று அப்பா சொல்கிறார். அடிமாட்டுக்குத்தான் போனது, உங்கட கொப்பருக்கு அதைச் சொல்ல மனம் வராது என்று அப்பாச்சி சொல்கிறா. நாங்கள் இரண்டு கதையையும் வைத்திருக்கிறோம்.

இந்தக் கதைக்குப் பிறகு எங்களுக்குச் சவாரி என்ற சொல் எங்கே கேட்டாலும் ஏறி இருக்கிறவரைப் பார்க்க முதல் கீழே இருக்கிறவரைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. சனத்தின்ர முதுகில சவாரி, இரட்டைக் குதிரைச் சவாரி, ஓசிச் சவாரி. பத்திரிகைக்காரர்கள் இதை அரசியல்வாதிகளுக்கு எழுதி எழுதிச் சொல்லைத் தேய்த்துவிட்டார்கள் என்பதால் அதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. எங்கட பள்ளிக்கூடத்துச் சொல் ஒன்று இருக்கிறது, அதுதான் வலிக்கிறது.

‘குதிரை ஓடுறது.’ பரீட்சையில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போய் எழுதுவதற்கு எங்கட ஊர்ப் பெயர் அது. சொல்லைக் கவனியுங்கோ. நாங்கள் கார் ஓடுறன், சைக்கிள் ஓடுறன் என்போம். தமிழ்நாட்டில் ஓட்டுறேன் என்பார்கள். அதனால் எங்கட வாயில் ‘குதிரை ஓடினான்’ என்றால் குதிரையை ஓட்டினான் என்றும் கேட்கும், குதிரையாக ஓடினான் என்றும் கேட்கும். போய் எழுதினவன் சவாரிக்காரனா குதிரையா என்பதை இலக்கணம் முடிவு செய்யாது.

எங்களுக்கு இரண்டு வருசம் மூத்த அண்ணை ஒருவர். கணக்கில் புலி. ரியூசன் கொட்டிலில் கரும்பலகைக்குப் போனால் சேர் சிரித்துக்கொண்டு சோக்கைக் கொடுத்துவிடுவார். தகப்பன் இல்லை, தாய் கூலி வேலை. சாதாரணதரக் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் விழுந்த ஒருவருக்காக அவரைக் குதிரை ஓடக் கேட்டார்கள். காசு பேசினார்கள், பாதிதான் முன்னுக்குக் கொடுத்தார்கள். மண்டபத்தில் அடையாள அட்டையைப் பார்த்தவர் மறுபடியும் பார்த்தார். அவ்வளவுதான். அண்ணையின் படிப்பு அங்கே நின்றது. எழுதுவித்தவர் பிறகு வேறு வழியில் வெளிநாடு போய்விட்டார், இப்போது கோயில் திருவிழாவுக்குக் காசு அனுப்புகிறார், உபயகாரர் பெயரில் அவர் பெயர் பெரிய எழுத்தில் வருகிறது. அண்ணை மேசன் வேலைக்குப் போகிறார். அண்மையில் எங்கட மதில் கட்ட வந்தவர், எத்தனை கல் வேணும் என்பதைக் கடதாசி இல்லாமல் மனக்கணக்கில் சொன்னார். சரியாக இருந்தது. ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் இன்னும் ‘குதிரை’. மற்றவருக்குப் பட்டப்பெயர் இல்லை.

இன்னொரு பயணமும் இருக்கிறது, அதற்கு ஒருவரும் சவாரி என்று பெயர் வைக்கவில்லை. பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளில் யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. ஒரு சைக்கிளில் இரண்டு பேர், ‘டபுள்’. முன்னுக்கு இருக்கிறவர் உழக்குவார், மற்றவர் கரியலில். திறந்த கடல்வெளியில் எதிர்க்காற்று அடித்தால் ஒராள் உழக்கிச் சரிவராது. கரியலில் இருக்கிறவரும் இரண்டு பக்கமும் காலை நீட்டி, மிதியில் பாதத்தின் ஓரத்தை வைத்துச் சேர்ந்து உழக்குவார். அப்பாவும் பெரியப்பாவும் அப்பிடித்தான் கனதூரம் போய் வந்தவையாம். நாங்களும் பொன்னாலைப் பாலத்தில் அதைச் செய்து பார்த்தோம். முழங்கால் இடிபடும், தாளம் பிழைத்தால் சைக்கிள் கோணும், ஆனால் நகரும். நாலு கால் உழக்கும்போது ஆர் ஆரை ஏற்றிக்கொண்டு போகிறார் என்று சொல்வது கஷ்டம்.

சவாரி வேணுமா வேண்டாமா என்று எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. 2017 சனவரியில் மெரினாவில் சல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடியபோது நல்லூரிலும் ஆதரவாகப் பொடியங்கள் நின்றார்கள், எங்களில் ஒராளும் நின்றவர். பண்பாடு என்று கத்துவது சுகம். இலங்கையில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907ஆம் ஆண்டினது, அதில் உள்ள தண்டம் ஆகக் கூடியது 100 ரூபாய். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு ரீ குடித்து வடை சாப்பிட முடியாது. ஆகவே சட்டம் வந்து கேட்டியைப் பறிக்கும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எங்கட நிலைப்பாடு இதுதான்: சவாரி இருக்கட்டும், ஆணி போகட்டும். மாட்டை ஓட விட்டுப் பார்க்கிற ஆசையில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. வண்டில் கிளம்புகிற அந்தக் கணத்தில் நிலம் அதிர்கிறது காலுக்குள் தெரியும், அது பொய்யில்லை. ஆணி இல்லாவிட்டால் வேகம் குறையும் என்று பெரியாட்கள் சொல்கிறார்கள். குறையட்டுமே. எல்லாச் சோடிக்கும் சேர்த்துத்தானே குறையும்.

தைப்பொங்கலுக்குப் பிறகு பெருநிலப்பக்கத்தில் ஒரு திடலுக்குப் போனோம். பின்னேரம் நாலு மணி, புழுதி, கச்சான்காரர், ஐஸ்கிறீம் வான், ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சு விடாமல் கதைத்துக்கொண்டிருந்தார். ஆணி வைத்த தடி கொண்டு வந்தால் சோடி விலக்கப்படும் என்று மூன்று தரம் அறிவித்தார். ஒரு சோடியை உண்மையாகவே திருப்பி அனுப்பினார்கள். சொந்தக்காரர் தூசணத்தில் பேசிக்கொண்டு போனார், சனம் சிரித்தது. ஓட்டம் முடிய வெற்றி பெற்ற சோடியின் சொந்தக்காரர் பெயர், அவருடைய ஊர், ஓட்டினவர் பெயர், கிண்ணத்துக்குக் காசு கொடுத்தவர் பெயர், அவர் இருக்கிற நாடு எல்லாம் அறிவித்தார்கள்.

மாடுகள் வேலி ஓரத்தில் வேப்பமரத்துக்குக் கீழே நின்றன. பத்துப் பன்னிரண்டு வயசுப் பொடியன் ஒருவன் வாளியில் தண்ணி அள்ளி ஒன்றின் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தான். விலா ஏறி இறங்கியது. மாட்டுக்குப் பேர் என்ன தம்பி என்று கேட்டோம்.

"இடத்தான் கறுவல் அண்ணை."

"மற்றதுக்கு?"

பொடியன் யோசித்தான். "அதுக்குப் பேரில்லை. வலத்தான் எண்டுதான் கூப்பிடுறனாங்கள்." பிறகு வாளியை அதற்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, "ஆனா அதுதான் கூட இழுக்கும்" என்றான்.